சிவப்புக் கோடு வரை தண்ணீர்

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியும். துறைமுகத்தின் உள்கடல். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாரிகாலம் முழுக்க நான் மழைத் தண்ணீரில் உப்புக் கரைத்துக் கடல் தண்ணீர் செய்துகொண்டிருந்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாதவர்களில் முதல் ஆள் பக்கத்து வீட்டுக்காரி. கிண்ணியாவில் பிறந்து கலியாணம் முடித்துத் திருகோணமலைக்கு வந்த முஸ்லிம் பெண். ஒருநாள் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "என்ன ரீச்சர், கடல் வத்திப் போச்சா?" என்று கேட்டாள். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நானே என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் இருந்து இறங்கும் சரக்கைத் தோணியில் கட்டிக் கரைக்குக் கொண்டுவந்து அவிழ்க்கிற பகுதி. அங்கே பழகின கை வீட்டிலும் சும்மா இருக்காது. சீனிப் பையைக் கட்டினாலும் துறைமுகத்து முடிச்சு, நான் திருத்தக் கொண்டுவரும் பள்ளிக்கூடக் கொப்பிகளைக் கட்டினாலும் துறைமுகத்து முடிச்சு. கப்பல் இழுத்தாலும் அவிழாது. நான் நகத்தால் நோண்டி, பல்லால் கடித்து, கடைசியில் கத்தரிக்கோலைத் தேடுவேன். அவர் வந்து ஒரு நுனியை மெல்லத் தள்ளிவிடுவார், பொலபொலவென்று அவிழும். எத்தனையோ தரம் காட்டித் தந்தார். எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளப் பெரிதாகப் பாடுபடவும் இல்லை. அவிழ்க்க வீட்டில் ஒரு ஆள் இருக்கும்போது எனக்கு எதற்கு அந்த வித்தை?

மீன் தொட்டியும் அவருடைய கைவேலைதான். வெள்ளைக்காரக் கடற்படை போனபோது ஏலத்தில் விட்ட பழைய யன்னல் கண்ணாடிகள் பல கை மாறி, அதில் ஐந்து துண்டு எங்கள் வளவுக்குள் வந்து சேர்ந்தன. இரும்புச் சட்டம் அடித்து, மூலைகளில் தண்ணீர் கசியாமல் தார்க் கீல் பூசி, முழங்கை உயரம்கூட இல்லாத ஒரு அகலத் தொட்டியைச் செய்து முன்னறையில் வைத்தார். காற்று விட மின்சார இயந்திரம் வாங்கலாம் என்றால் அந்த நாளில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராது. ஆகவே ஒரு பழைய லொறி ரயர் ரியூப்பைச் சைக்கிள் பம்பால் ஊதி, அதில் இருந்து மெல்லிய மருந்துக் குழாய் ஒன்றை இழுத்துத் தண்ணீருக்குள் விட்டார். காலையும் மாலையும் ஊதினால் போதும், நாள் முழுக்கக் குமிழி வரும். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கதிரைக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் அந்தக் கறுத்த ரியூப்பைத்தான். எனக்கு வெட்கமாக இருக்கும்.

மூன்று மீன்கள். இரண்டு, செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்டவை, சுண்டுவிரல் நீளம். மூன்றாவது மஞ்சள் நிறம், பப்படம்போலத் தட்டை. சமைக்க உதவாத மீன்கள் என்பதால் எங்கள் பக்கத்து மீன்காரர்கள் அவற்றுக்கு ஒழுங்காக ஒரு பேர்கூட வைக்கவில்லை. எங்களோடு இருந்த மாமி, என் கணவரின் தாயார், முதல்நாளே தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "குழம்புக்குக் காணாது" என்று தீர்ப்புச் சொன்னார். மாமியும் நானும் ஒத்துப்போன விசயங்கள் குறைவு. அதில் இது ஒன்று.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த மீன்களில் எரிச்சல். வேலையால் வந்ததும் என்னிடம் தேநீரை வாங்கிக்கொண்டு அவர் நேரே தொட்டிக்கு முன்னால் போய் இருப்பார். பிள்ளை இல்லாத வீடு. இரண்டு பேர் பேசிக்கொள்ள இருக்கிற பொழுது அது ஒன்றுதான். "உங்களுக்கு என்னைக் கட்டினதுக்கு ஒரு சுறாவைக் கட்டியிருக்கலாம்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "சுறா இவ்வளவு கதைக்காது" என்றார்.

அந்த ஐப்பசி நடுவில் தோணிக்கும் கப்பலுக்கும் இடையில் கால் வழுக்கி விழுந்தார். வலது தொடை எலும்பு முறிந்தது. ஆசுபத்திரியில் இடுப்பில் இருந்து பாதம் வரை பிளாஸ்டர் போட்டு, மூன்று மாதம் அசையாமல் படுக்கச் சொல்லி அனுப்பினார்கள். கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து, தொட்டி தெரிகிற பக்கம் தலையணையை வைத்தோம்.

உடம்பு படுத்தது பரவாயில்லை. மனம் படுத்ததுதான் பெரிய வருத்தம். கதை நின்றுபோனது. கேட்டதற்கு "ஓம்", "வேண்டாம்", அவ்வளவுதான். நான் திட்டினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். சண்டைக்கு வராத புருசனை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வது? முன்பு அடிபட்டு, ஒரு காலை இழுத்தபடி துறைமுக வாசலில் திரிந்த ஒரு பழைய தொழிலாளியை அவர் அடிக்கடி நினைத்துக்கொண்டார் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம் ஒன்று. காலையில் கண் விழித்ததும் அவருடைய கண் முதலில் அந்த மூன்று மீன்களைத்தான் எண்ணும். எண்ணி முடித்த பிறகுதான் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும். அன்றைக்கே முடிவு செய்தேன். இந்த மனிதர் எழும்பி நடக்கும்வரை அந்த மீன்கள் சாகக்கூடாது. எரிச்சல் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் மீனுக்குத் தண்ணீர் வேண்டும். கிழமைக்கு ஒருதரம் பழைய தண்ணீரில் நாலில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணீர் விடவேண்டும். வீட்டு வாசல் கடலில் எண்ணெய் மிதக்கும், சாக்கடையும் விழும். அவர் துறைமுக வாய்க்கு வெளியே தோணி போகும்போதுதான் நல்ல தண்ணீர் அள்ளி வருவார். பின்னறையில் மூன்று சாடி நிறைய வைத்திருந்தார், வாய்க்குத் துணி கட்டி, வெயில் படாமல். நவம்பர் முடிவில் இரண்டு சாடி காலி. வெளியே மாரி. மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவுக்குள் விழுந்து, கடல் தேநீர் நிறத்துக்கு மாறிவிட்டது. அந்தத் தண்ணீரை வாயில் வைத்தால் உப்பே பாதிதான்.

அவரோடு வேலை செய்கிறவர்கள் ஒருநாள் பார்க்க வந்தார்கள். நான் கதையோடு கதையாகச் சொல்லிவைத்தேன். அடுத்த கிழமை அந்த அலையிலும் வெளியே போய் ஒரு பெரிய தகர ரின் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள். மூடியைத் திறந்தேன், மூக்கைப் பொத்தினேன். அவர்களுடைய மனம் பொன், ரின் மண்ணெண்ணெய். நன்றி சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, அவர்கள் தெரு முடக்குத் திரும்பும்வரை காத்திருந்து வளவுக்குள் ஊற்றினேன். அந்த இடத்தில் ஒரு வருடம் புல் முளைக்கவில்லை.

அப்போதுதான் நானே கடலைச் செய்வது என்று இறங்கினேன். முதலில் நல்ல தண்ணீர். குழாய்த் தண்ணீரில் மருந்து மணக்கும், கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. மழைதான் கதி. கூரையில் இருந்து வடிவது தூசி. அவருடைய வெள்ளை வேட்டி ஒன்றை முற்றத்தில் நாலு மூலையும் இழுத்துக் கட்டி, நடுவில் கழுவின கல் ஒன்றை வைத்து, அதற்குக் கீழே பானையை வைத்தேன். முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாம் மழையைப் பிடித்தேன். பிடித்ததைக் கொதிக்க வைத்து ஆறவிட்டேன். கொதித்த தண்ணீரில் காற்று இராதே என்று, ஒரு செம்பை உயரத் தூக்கி மற்றதைத் தாழப் பிடித்து, தேநீர் ஆற்றுகிற மாதிரி ஆற்றி ஆற்றிச் சாடியில் நிரப்பினேன். பக்கத்து வீட்டுக்காரி மதிலில் கையை ஊன்றிக்கொண்டு முழுவதையும் பார்த்தாள். "ரீச்சர், எனக்குச் சீனி கொஞ்சம் கூடப் போடுங்க" என்றாள்.

ஆனாலும் உப்புத் தந்தது அவள்தான். அவளுடைய புருசன் நிலாவெளி உப்பளத்தில் இருந்து மூட்டையாக எடுத்து விற்கிறவர். மூட்டையின் அடியில் கசிந்து ஈரமாகக் கிடக்கும் உப்பைச் சமையலுக்கு யாரும் விரும்பமாட்டார்கள், நாக்கில் சற்றுக் கசக்கும். "கடல்ல இருந்த கசப்பும் அதுக்குள்ளதான் கிடக்கு, மீனுக்கு அதுதான் வீடு மாதிரி இருக்கும்" என்று சொல்லி ஒரு பெட்டி நிறையக் கொடுத்தாள். கேலி செய்கிறவர்கள்தான் வேளைக்கு உதவுகிறார்கள் என்பதை நான் அந்த மதிலடியில்தான் கற்றேன்.

இனி அளவு. ஒரு வாளித் தண்ணீருக்கு எவ்வளவு உப்பு? அவரைக் கேட்டால் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாள் அது. அவரைத் தொந்தரவு செய்யாமல் நானே செய்து காட்டவேண்டும் என்று ஒரு வீம்பு. குசினியில் மாமியைக் கேட்டேன். மாமியின் தேசிக்காய் ஊறுகாய் எங்கள் தெருவில் பேர் போனது. "உதுக்கென்ன கணக்கு?" என்றார். "முட்டையை விட்டுப் பார். கீழ போனா உப்புக் காணாது. மிதந்தா உப்புச் சரி." எங்கள் ஊரில் உப்புத் தண்ணீரோடு வேலை செய்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த அளவுகோல் அது. நானும் சின்ன வயதில் இருந்தே பார்த்திருக்கிறேன். ஒரு முட்டையைக் கழுவி வாளியில் விட்டேன். ரின்பால் வந்த தகரப் பேணியால் ஒரு பேணி உப்புப் போட்டேன், முட்டை அடியில். இரண்டு பேணி, அப்போதும் அடியில். மூன்றாம் பேணி முடியும்போது மெல்ல எழும்பி, தலையைக் காட்டி ஆடியது. நானும் மாமியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அபூர்வமான சிரிப்பு.

பெருமையோடு தொட்டியில் இருந்து நாலில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றினேன். சிறிது நேரத்தில் மஞ்சள் மீன் மேலே வந்து பக்கவாட்டில் சரிந்தது. பட்டி போட்டவை இரண்டும் மூலையில் நின்று வாயை வாயைத் திறந்தன. ஒரு மாதமாகச் சத்தம் போடாத மனிதர் கட்டிலில் இருந்து கத்தினார்.

"இஞ்சேரும்! என்ன விட்டனீர்? என்ன தண்ணி அது?"

"உப்புத் தண்ணிதான். முட்டை மிதக்கிற அளவுக்குப் போட்டனான்."

"முட்டையோ? கடல்ல முட்டை மிதக்காது, பெண்ணே! தாழும்! உடன அதுகளை எடும்! பின்னறைச் சாடியில இருக்கிற பழைய கடல் தண்ணிக்குள்ள விடும்!"

சாடிக்கும் தொட்டிக்கும் நடுவில் நான் ஓடின ஓட்டத்தைப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓடியிருந்தால் கிண்ணம் வாங்கியிருப்பேன். இரண்டு மீன்கள் தப்பின. மஞ்சள் மீன் தப்பவில்லை. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பெண்களுக்கு, கடல் ஊறுகாயைவிட எவ்வளவோ உப்புக் குறைந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருதரம் ஒரு முட்டையைக் கொண்டுபோய்க் கடலில் விட்டுப் பார்த்திருந்தால் போதும். யார்தான் முட்டையைக் கடலில் விடுவார்கள்?

அழுகையும் கோபமும் சேர்ந்து வர, நான் மாமியைப் பார்த்து, "எல்லாம் உங்கட முட்டையால வந்த வினை" என்றேன். சொல்லியிருக்கக்கூடாது. கேட்டது நான், போட்டது நான், ஊற்றியது நான். மாமியின் முகம் சுருங்கிவிட்டது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "இனி உந்தச் சாடியளில நான் கை வைச்சா, கோணேசர் என்னைக் கேக்கட்டும்" என்று சத்தியம் செய்தார். மாமி சத்தியம் செய்தால் செய்ததுதான். ரியூப்புக்குக் காற்று அடிப்பார், மீனுக்குத் தீன் போடுவார். சாடிப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார்.

அந்தக் கூத்தில் ஒரு நன்மை நடந்தது. அவருக்கு வாய் திறந்துவிட்டது. அடுத்தநாள் காலை, ஒரு சின்ன மருந்துப் போத்தலும் வலையில் கட்டுகிற ஈயக் குண்டு நாலும் கேட்டார். மல்லாந்து படுத்தபடியே போத்தலுக்குள் குண்டுகளைப் போட்டு, தக்கையால் அடைத்து, மெழுகு உருக்கி மூடினார். அசல் கடல் தண்ணீரில் அதை விட்டபோது கழுத்து மட்டும் வெளியே நிற்க நேராக மிதந்தது. தண்ணீர் தொட்ட இடத்தில் ஒரு கறுப்பு நூலைக் கட்டினார், அதே துறைமுகத்து முடிச்சு. "நூல் வரைக்கும் தாழ்ந்தா அது கடல். நூல் மேல நிண்டா உப்புக் கூட. நூல் தண்ணிக்குள்ள போனா உப்புக் குறைவு. உம்மட முட்டையைப் பொரிச்சுச் சாப்பிடும்" என்றார். மழைத் தண்ணீரில் நான் கரைத்துப் பார்த்தேன். ஒரு வாளிக்கு ஒரு பேணி, தலைதட்டி. நூல் அச்சொட்டாகத் தண்ணீரைத் தொட்டது.

அதன் பிறகு பின்னறையில் இரண்டு சாடிகள் ஆட்சி செய்தன. வெள்ளைத் துணி கட்டினதில் சும்மா மழைத் தண்ணீர். சிவப்புத் துணி கட்டினதில் உப்புக் கரைத்து, ஈர்க்குக் கட்டால் கலக்கி, இரண்டு நாள் தெளியவிட்ட கடல். மாலையில் நான் கரைத்துவிட்டு வந்து கட்டிலடியில் இருந்து அளவைச் சொல்வேன். அவர் ஒரு கொப்பியில் எழுதாமல் மனதில் வைத்துக்கொண்டு, "போன கிழமையைவிட நூல் ஒரு மயிர் மேல" என்று பிழை பிடிப்பார். நான் மறுப்பேன். சண்டை பிடிப்போம். வீடு பழையபடி வீடாகியது.

எதற்கு இரண்டு சாடி என்று அவர்தான் விளங்கப்படுத்தினார். தொட்டித் தண்ணீர் காற்றுக்குக் குறையும். குறைகிறது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். அதற்குமேல் உப்புத் தண்ணீர் விட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆகவே குறைந்ததற்கு வெள்ளைத் துணிச் சாடி, மாற்றுவதற்குச் சிவப்புத் துணிச் சாடி. தொட்டிக் கண்ணாடியில் வள்ளத்துக்குப் பூசுகிற சிவப்பு மையால் ஒரு கோடு போட்டிருந்தார். காற்று அடிக்கிற நாளில் தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே போய்விடும். ஒவ்வொரு நாள் காலையிலும் சிரட்டையால் அள்ளி ஊற்றிக் கோடு வரை கொண்டுவந்து, சாடி வாயைத் துணியால் மூடி, ஒரு பூ முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போவேன்.

தை நடுப்பகுதியில் பிளாஸ்டர் வெட்டினார்கள். எலும்பு நன்றாகப் பொருந்தியிருக்கிறது, தடியை ஊன்றி மெல்ல மெல்ல நடக்கலாம் என்றார்கள். நாங்கள் அன்றைக்குப் பொங்கினோம். அவர் நடக்கவில்லை. மெலிந்துபோன அந்தக் காலைப் பார்த்தார், போர்வையால் மூடினார். "நாளைக்குப் பாப்பம்." நாளைக்குக் கேட்டாலும் நாளைக்குத்தான். கெஞ்சினேன், திட்டினேன், துறைமுகத்து ஆட்களைக் கூப்பிட்டுத் தோளில் பிடிக்கச் சொன்னேன். காலை நிலத்தில் வைத்ததும் முகம் வெளுத்துவிடும். "ஏலாது. என்னை விடுங்கோ." நோவு இல்லை, பயம். மூன்று கிழமை போனது. இதற்குமேல் படுத்திருந்தால் கால் அப்படியே மடங்கிப்போகும் என்று ஆசுபத்திரியில் எனக்குத் தனியாகச் சொன்னார்கள். அதை அவரிடம் சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். மீனைக் காப்பாற்றினேன், மனிதரைக் காப்பாற்ற வழி தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கட்டைபறிச்சானில் என் அக்காவின் மகள் பெரியபிள்ளையானாள். அக்காவுக்கு நான் ஒரே தங்கச்சி, தண்ணீர் வார்வைச் சடங்குக்குப் போகாமல் இருக்கமுடியாது. காலையில் குடாவைக் கடக்கும் லோஞ்சுப் படகில் மூதூருக்குப் போய், ஒரு இரவு தங்கி, மறுநாள் திரும்புவதாக ஏற்பாடு. தொட்டியைக் கோடு வரை நிரப்பி வைத்தேன். ஒருநாள்தானே.

மறுநாள் கடல் கொந்தளித்தது. லோஞ்சு ஓடவில்லை. தரையால் வரலாம் என்றால் ஆற்றுத் துறைகளில் வெள்ளம், ஆட்களை ஏற்றிக் கடக்கும் பாதைத் தெப்பங்கள் ஓடவில்லை. மூன்றாம் நாளும் அதே கதை, நாலாம் நாளும் அதே கதை. அக்கா பலகாரம் சுட்டுச் சுட்டுத் தந்தாள். நான் ஒன்றையும் தொடவில்லை. காற்று விசுவிசுவென்று அடிக்க அடிக்க, எங்கள் முன்னறைத் தொட்டியில் தண்ணீர் விரல் விரலாகக் குறைவதும் உப்பு ஏறுவதும் எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. மாமி சாடியைத் தொடமாட்டார். சத்தியம் செய்ய வைத்ததே என்னுடைய வாய்தான். மஞ்சள் மீன் சரிந்தது மாதிரி மற்ற இரண்டும் சரிந்தால், அவர் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டால், பிறகு அந்தக் கட்டிலில் இருந்து அவரை யார் எழுப்புவது? "மீனுக்கோ இப்படி அழுகிறாய்?" என்று அக்கா கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

ஐந்தாம் நாள் காலை முதல் லோஞ்சில் ஏறினேன். இறங்குதுறையில் இருந்து வீட்டுக்கு நடந்தேனா ஓடினேனா தெரியாது. செருப்போடு முன்னறைக்குள் நுழைந்தேன். அவர் கட்டிலில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியில் குமிழி வந்துகொண்டிருந்தது. இரண்டு மீன்களும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருந்தன. தண்ணீர் சிவப்புக் கோட்டில் நின்றது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

எனக்கு முதலில் வந்தது சந்தோசம் இல்லை, சந்தேகம். யார் ஊற்றியது? எந்தச் சாடியில் இருந்து? விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். போத்தலை எடுத்து மிதக்கவிட்டேன். நூல் சரியாகத் தண்ணீரைத் தொட்டது. நேரே குசினிக்குப் போனேன். மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, நீங்களோ தண்ணி விட்டனீங்கள்?"

"நானோ? சத்தியம் பண்ணினவள் தொடுவனோ பிள்ளை? இரண்டாம் நாள் கட்டில்ல கிடந்து தம்பி கூப்பிட்டுக் கேட்டவன்தான். தொடமாட்டன் எண்டிட்டன்."

"பிறகு?"

"பிறகு நான் கோயிலுக்குப் போயிட்டன்" என்று சொல்லி, அரிவாளில் இருந்து கண்ணை எடுக்காமல் செதிலைச் சீவினார். நாலு நாளும் அதே நேரத்துக்குக் கோயிலுக்குப் போனாராம். அத்தனை பக்தி மாமிக்கு எப்போது வந்தது என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். சிமெந்துத் தரையில் துளித்துளியாகத் தண்ணீர் காய்ந்த அடையாளம், சாடியடியில் இருந்து முன்னறை வரைக்கும். சுவரில் இடுப்பு உயரத்தில் வரிசையாகக் கை பதிந்த அழுக்கு. சிவப்புத் துணிச் சாடியின் கட்டு நான் போட்ட பூ முடிச்சு, அப்படியே இருந்தது. வெள்ளைத் துணிச் சாடியின் கட்டைத் தொட்டேன். நகத்தால் நோண்டினேன். அசையவில்லை. கப்பல் இழுத்தாலும் அவிழாத கட்டு.

அந்த முடிச்சில் கையை வைத்தபடியே நின்றேன். கண்ணால் தண்ணீர் ஓடி மூக்கு நுனியில் தொங்கியது, துடைக்கவும் தோன்றவில்லை. கட்டிலில் இருந்து சாடி வரைக்கும் பதினேழு அடி என்று பிறகு அளந்து பார்த்தேன். போகப் பதினேழு, சிரட்டையோடு வரப் பதினேழு. ஒரு சிரட்டைத் தண்ணீரால் கோடு நிறையாது. எத்தனை தரம் போய் வந்தாரோ!

"இஞ்சேரும்" என்று முன்னறையில் இருந்து அவருடைய குரல் கேட்டது. "என்ன அங்க சத்தத்தைக் காணேல்லை?"

"உங்கட முடிச்சு" என்றேன்.

"கத்தரிக்கோலை எடுக்காதேயும். உமக்கு அவிழ்க்க ஏலாது. நில்லும், நான் வாறன்."

கட்டில் கிறீச்சிட்டது. தடி சிமெந்தில் ஊன்றுகிற சத்தம் கேட்டது, பிறகு ஒரு கால் இழுபடுகிற சத்தம், பிறகு மறுபடி தடி. தொட்டியில் தண்ணீர் கோட்டில்தான் நின்றது, அன்றைக்கு ஒரு சொட்டும் ஊற்றத் தேவையில்லை. ஆனாலும் அவர் வந்து அவிழ்க்கும்வரை நான் அந்தச் சாடியடியில் நின்றேன்.